இரண்டு மணிக்குப் போக வேண்டிய கரண்ட்

எங்கள் மகள் நாலு வயதில் ஒரு டீசர்ட் பட்டனைக் காதுக்குள் திணித்துக்கொண்டாள். அதை எடுக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி வேலை சீக்கிரம் முடிந்து, மதியத்துக்குள் மண்ணரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். சாயங்காலம் வரை தூக்கக் கலக்கம் இருக்கும், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அவ்வப்போது கூப்பிட்டுப் பாருங்கள், அசைவே இல்லையென்றால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அவ்வப்போது என்றால் எத்தனை நிமிடம் என்று கேட்காமல் வந்துவிட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டேன். "ம்" என்பாள். அடுப்படிக்குப் போவேன், பாதியில் திரும்பி ஓடி வருவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அவள் உதடு கறுத்திருப்பதாகக்கூடத் தோன்றியது. ஜன்னலைத் திறந்து பார்த்தால் சரியாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரரோ வந்ததும் அவள் படுத்திருந்த அறையிலேயே ஓவர்லாக் தையல் மிசினில் உட்கார்ந்துவிட்டார். சோற்றுக்குக்கூட எழவில்லை. பெற்ற பிள்ளை இப்படிக் கிடக்கும்போது பனியன் தைக்க எப்படி மனசு வருகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் சண்டையாகும் என்று பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினேன்.

ஒன்றேமுக்காலுக்குக் கூப்பிட்டபோது "ம்" வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. பிறந்ததிலிருந்து அந்த மிசின் சத்தத்தில் தூங்கியவள் அவள். சத்தம் நின்றால்தான் விழிப்பாள். இரண்டு மணிக்குத் தினமும் கரண்ட் போகும், மிசின் நிற்கும், தானாக எழுந்துவிடுவாள் என்று கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அப்போதே ஆட்டோ பிடித்திருக்க வேண்டும், புத்தி கெட்டவள் நான். மற்ற நாளெல்லாம் நிமிடம் பிசகாமல் போகிற கரண்ட், அன்றைக்கு இரண்டேகால் ஆகியும் போகவில்லை.

"மிசினை நிறுத்துங்க," என்றேன். அவர் காதில் விழாததுபோலத் தைத்துக்கொண்டிருந்தார். நானே போய் சுவிட்சை அணைத்தேன்.

அவள் விழிக்கவில்லை.

தோளைப் பிடித்து உலுக்கினேன். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். கண்ணு, கண்ணு என்று கத்தினேன். சட்டென்று வீறிட்டு அழுதபடி என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். தூங்கவிடாத கோபம். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கண்ணயர்ந்தாள். இனி பயமில்லை, போய் மிசினை ஓட்டுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் நகரவில்லை. அவள் காலருகே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"சத்தம் நின்னா முழிச்சுக்குவான்னு எனக்கும் தெரியுமுல்ல," என்றார். "நிறுத்தி, புள்ள முழிக்கலீன்னா என்ன பண்றதுன்னுதான் பெடல்ல இருந்து காலெடுக்கலை."