மூன்றாவது விசில்: ஓல்டன் பக்கத்தில் ஒரு நாலாம் லீக் ஞாயிறு

மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, நாங்கள் ஓல்டன் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓஸ்டர்முண்டிகனுக்கு வீடு மாறினோம். கட்டில், அலுமாரி, தம்பி எல்லாம் மாறின. என் அணி மட்டும் மாறவில்லை. அந்தக் கிராமத்து நாலாம் லீக் அணிக்காக, சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கும் ஞாயிறெல்லாம் இன்னமும் ரயிலேறுகிறேன். நாலாம் லீக் என்றால் ஆளில்லா லீக். பார்க்க நாற்பது பேர் வந்தால் அன்றைக்குத் திருவிழா. இப்படி ஒரு ஆட்டத்துக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்காக மே மாதக் கடைசி ஞாயிறு போய்வந்த கதையை எழுதுகிறேன். எப்படிப் போகக்கூடாது என்பதும் இதிலேயே இருக்கிறது.

வீட்டிலிருந்து 11.40க்குக் கிளம்பினேன். ஓஸ்டர்முண்டிகனிலிருந்து பேர்ண் நிலையம் ஆறு நிமிடம். 12.04 ரயில், 12.31க்கு ஓல்டன். அரைக் கட்டண அட்டையோடு போக வர, பஸ்ஸும் சேர்த்து, 34 பிராங்க். மைதானத்துக்குள் போக ஒரு சதமும் இல்லை. ஓல்டனில் பத்தொன்பது நிமிடம் காத்திருந்தால் பஸ். ஞாயிற்றுக்கிழமை அது மணிக்கு ஒன்றுதான், விட்டால் கதை முடிந்தது.

பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் விளையாட்டுப் பையை மடியில் வைத்தபடி இருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"தம்பி தமிழோ? திடலுக்கு எங்கை இறங்கவேணும்?"

"கடைசித் தரிப்பிடம் அண்ணை. நானும் அங்கைதான் போறன்."

"விளையாடவோ?"

"இல்லை, கத்துறதுக்கு."

சிரித்துவிட்டார். "அப்ப எனக்குத்தான் பேச்சு விழப்போகுது. நான்தான் இண்டைக்கு ஷீரி."

ஷீரி என்றால் இங்கே நடுவர். அவர் ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். ஈஸ்டர் விடுமுறை முழுக்க வேலை செய்து, அதற்குப் பதிலாக இந்த ஞாயிறை வாங்கியிருந்தார். நாலாம் லீக்கில் மூன்று வருடமாக ஊதுகிறார். அன்றைக்கு அவரைப் பார்த்துப் புள்ளி போட மேற்பார்வையாளர் ஒருவர் வருகிறார். புள்ளி சரியாக விழுந்தால் அடுத்த பருவம் மூன்றாம் லீக்.

"மூண்டாம் லீக் எண்டு மகளிட்டைச் சொல்லிப்போட்டன். இனி ஏலாதெண்டு சொல்லேலாது," என்றார். பிறகு பையைத் திறந்து இரண்டு விசில்களைக் காட்டினார். "ஒண்டு பழுதானாலும் மற்றது இருக்கு."

"மூண்டாவது வேணுமெண்டா என்னட்டைக் கேளுங்கோ அண்ணை," என்றேன்.

பகிடி என்று நினைத்தார். பகிடிதான். ஆனால் எனக்கு இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து ஊதத் தெரியும். அசல் நடுவர் விசிலே தோற்றுப்போகும். புதன்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் இடைவேளையை ஏழு நிமிடம் முன்னதாகவே கொண்டுவந்த புண்ணியவான் நான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய்க்குப் பிழை மட்டும்தான் வரும்.

1.09க்கு இறங்கினோம். கூட்டாளி கெவின் வேலியடியில் நின்றான். ரொட்டியோடு சுட்ட செர்வலா தொத்திறைச்சி 6 பிராங்க். கடுகுச்சாந்து இலவசம், வெட்கப்படாமல் எடுக்கலாம். சாப்பிட்டபடி கெவினிடம் பெருமையடித்தேன்: "இண்டைக்கு ஷீரி எங்கடை ஆள்."

"எங்கடை ஆளெண்டா?"

"தமிழ். பஸ்ஸிலை என்னோடைதான் வந்தவர். பார், ஒண்டு ரெண்டு எங்கடை பக்கம் தருவார்."

இதைத் தட்டச்சுச் செய்யும்போதே காது சுடுகிறது. மூன்று வருடம் பாடுபட்டு வந்த மனிதரை, ஒரு பஸ் பயணத்தில் என் அணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரராக்கி வைத்திருந்தேன்.

ஆட்டம் 2.30க்குத் தொடங்கியது. இந்த லீக்கில் கோட்டருகே கொடி பிடிக்கும் உதவி நடுவர்கள் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே ஆள் ஓடி ஓடிப் பார்க்கவேண்டும். அண்ணை நன்றாகவே ஓடினார். நீல ஜாக்கெட் போட்ட மேற்பார்வையாளர் மர வாங்கு ஒன்றில் தனியாக இருந்து குறிப்பெடுத்தார். முதல் பாதியில் எங்களுக்கு ஒரு கோல். ஐம்பத்தெட்டாவது நிமிடம் எங்கள் ஐந்தாம் இலக்கச் சட்டைக்காரன் எதிரணிக்காரரின் காலைத் தட்டிவிட, அண்ணை யோசிக்காமல் பெனால்ட்டி கொடுத்தார். சரியான தீர்ப்பு. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. 1–1.

கெவின் விடவில்லை. "உன்ரை அண்ணை நல்லாத்தான் தாறார், என்ன? மறுபக்கம் பாத்துத் தாறார்."

"பொத்தடா வாயை."

"இன்னுமொருக்கா பஸ்ஸிலை வந்தால் ரிக்கற் எடுத்துக் குடு."

பக்கத்தில் நின்ற பொடியன்களும் சிரித்தார்கள். பகிடி விடுகிறவனுக்குப் பகிடி தாங்காது, அதுதான் என் வருத்தம். எழுபத்தோராவது நிமிடம் எதிரணி முன்கள ஆட்டக்காரன் ஒருவன் பந்தோடு தனியாக எங்கள் கோலை நோக்கி ஓடினான். என் விரல்கள் வாய்க்குள் போயின.

ஒரே ஒரு ஊதல்.

ஓடியவன் நின்றான். எல்லோரும் நின்றார்கள். உருண்டு வந்த பந்தை எங்கள் ஐந்தாம் இலக்கம், ஆட்டம் நின்றுவிட்டதென்று நம்பி, பெனால்ட்டிப் பெட்டிக்குள்ளேயே கையால் தூக்கினான். அண்ணை மட்டும் தன் கையிலிருந்த விசிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கை! பெனால்ட்டி!" என்று எதிரணி கத்தியது. "நீதானே ஊதினாய்!" என்று எங்கள் அணி கத்தியது. இரண்டு பக்கமும் அவரைச் சூழ்ந்துகொண்டன. தான் ஊதவில்லை என்று அவர் ஜெர்மனில் சொன்னார், யாரும் நம்பவில்லை. வேலிப் பக்கம் திரும்பி, யார் ஊதியது என்று சத்தமாகக் கேட்டார். கெவின் முழங்கையால் என்னை இடித்தான். ஒரு கை உயர்த்தினால் போதும், பத்து விநாடி வேலை. நான் இடைவேளையில் வாங்கி மிச்சம் வைத்திருந்த ரொட்டித் துண்டில் கடுகுச்சாந்து சரியாகப் பரவியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெனால்ட்டிப் புள்ளியைக் காட்டினார். பிறகு மனம் மாறி, பந்தை எங்கள் கோல்காப்பாளரிடமே கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னார். வெளியாள் விசில் ஆட்டத்தைக் குழப்பினால் அதுதான் விதி என்று பிறகு வாசித்தேன். ஆனால் இரண்டு நிமிடத்தில் இரண்டு தீர்ப்பு. அதற்குப் பிறகு ஒருவனும் அவர் சொல் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் பக்கம் புரட்டி எழுதினார். ஆட்டம் 1–1 என்றே முடிந்தது.

திரும்பும் பஸ் 5.20. தரிப்பிடத்தில் அண்ணையும் நானும் மட்டும். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்து, வீட்டில் பொரித்த ரோல்ஸில் எனக்கும் ஒன்று நீட்டினார்.

"மேற்பார்வையாளர் என்னவாம் அண்ணை?"

"சரிவரேல்லை. முடிவிலை உறுதி இல்லையாம்." தன் ரோல்ஸை ஒரு கடி கடித்தார். "சிலவேளை நான்தான் தெரியாமல் ஊதிப்போட்டனோ எண்டு அந்தாளிட்டைச் சொல்லிப்போட்டன். இவ்வளவு பேர் சொல்லேக்கை எனக்கே சந்தேகம் வந்திட்டுது."

அவருடைய ரோல்ஸ் என் கையில் பாதி இருந்தது.

"அண்ணை, மூண்டாவது விசில் நான்தான்."

புரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் ரோல்ஸ் பெட்டியை மூடினார்.

"ஊது பாப்பம்."

ஊதினேன். தெருவுக்கு அந்தப் பக்கம், ஆட்டம் முடிந்த திடலில் பந்தடித்துக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். ஒரு பிள்ளை பந்தைக் கையில் எடுத்துவிட்டு அண்ணையைப் பார்த்தது.

"அப்ப நான் ஊதேல்லை," என்றார். என்னிடம் சொல்லவில்லை.

பஸ்ஸில் அவர் முன்னுக்கு, நான் பின்னுக்கு. ஓல்டனில் இறங்கியபோது மேற்பார்வையாளரின் மின்னஞ்சல் முகவரியையும் தன் இலக்கத்தையும் மட்டும் என் தொலைபேசியில் எழுதித் தந்தார். பேர்ண் வரைக்குமான இருபத்தேழு நிமிடத்தில் மேற்பார்வையாளருக்கு ஆறு வரி எழுதி அனுப்பினேன். பதில் செவ்வாய்க்கிழமை வந்தது: சொன்னதற்கு நன்றி, அவர் ஊதவில்லை என்பதை அறிக்கையில் சேர்ப்பார். ஆனால் விசிலுக்குப் பிறகு நடுவர் என்ன செய்தார் என்பதற்கே புள்ளி, அது மாறாது. இலையுதிர் காலத்தில் அவரைத் திரும்பவும் வந்து பார்ப்பாராம். அதை அப்படியே அண்ணைக்கு அனுப்பி, பெயர் போடாமல் இங்கே எழுதலாமா என்றும் கேட்டேன். எழுது என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஓல்டனில் பஸ் நிலையம் ரயில் நிலைய வாசலிலேயே இருக்கிறது. குடை கொண்டுபோங்கள், பார்ப்பவர்களுக்குக் கூரை கிடையாது. சில்லறையாகப் பத்து பிராங்க் போதும். எவ்வளவும் கத்துங்கள், அது நடுவருக்குப் பழக்கம். விரல்கள் மட்டும் வாய்க்குள் போகாதபடி, கையில் ஒரு செர்வலாவைக் கொடுத்து வைத்திருங்கள்.

போன கிழமை அண்ணையிடமிருந்து செய்தி வந்தது. மேற்பார்வையாளர் வரும் ஆட்டம் செப்டெம்பரில், இரண்டாவது ஞாயிறு. எந்தத் திடல் என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.