மாடியறைக்கு வந்த பிள்ளைகளுக்குப் பொன்னாடை

சிங்கப்பூரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் எதற்கும் பொன்னாடை உண்டு. நாற்காலி எடுத்துப் போட்டவருக்கு, ஒலிபெருக்கி கொடுத்தவருக்கு, போன விழாவுக்குப் பொன்னாடை வாங்கி வந்தவருக்குக்கூட. இந்தக் கூட்டத்தில் போய், இளையர்களின் மனநலத்தைக் காப்பது பற்றி ஓர் ஆய்வு செய்யலாம், நானே முன்னின்று நடத்துகிறேன் என்று கையைத் தூக்கினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் மருத்துவமனை மனநலப் பிரிவில் தாதி. நம் பிள்ளைகள் எல்லாம் நோய் முற்றிப்போன பிறகுதான் எங்கள் வார்டுக்கு வந்து சேர்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துதான் அன்றைக்கு வாயைத் திறந்தேன்.

தலைவர் தேக்காவில் உணவகம் நடத்துபவர். வாயில் பாதி வடை இருக்கும்போதே பதில் சொன்னார்.

"நம்ம பிள்ளைங்களுக்கு அதெல்லாம் இல்ல லா, சிஸ்டர். ஃபோனைப் பிடுங்கி வச்சா எல்லாம் சரியாயிடும்."

மற்ற சங்கங்கள் இதையெல்லாம் செய்கின்றன என்று யாரோ சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் உணவகத்தின் மாடியறையையே ஆய்வுக்குத் தந்தார். சட்னி விரலை நக்கிக்கொண்டே, "நல்லா பாசிட்டிவா எழுதுங்க, படம் போட இடம் விட்டு எழுதுங்க" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். எங்கே வந்தேன்!

சனிக்கிழமை மதியங்களில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். உங்கள் பெயரை எங்கும் எழுதமாட்டேன், இங்கே பேசுவது இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்தேன். சிலர் பந்தாட்டம் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். சிலர் அழுதார்கள். ஒருத்தி அழவே இல்லை, அவள்தான் என்னைப் பயமுறுத்தினாள். பதினெட்டு வயது, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக்கல்லூரியில் மாணவி. அம்மா கட்டிக் கொடுக்கும் சோற்றைத் தினமும் அடுக்குமாடி புளோக்குக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, இடைவேளை முழுக்கக் கழிவறையில் உட்கார்ந்திருப்பாளாம். தூக்கம் போய் எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. அதைச் சிரித்த முகத்தோடு சொன்னாள்.

"அம்மாவுக்குத் தெரியக்கூடாது ஆன்ட்டி. பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் 'டாக்டராகப் போறா'ன்னு சொல்லிட்டு இருக்காங்க. தெரிஞ்சா அத்தைங்க, சித்திங்க, கோயில், எல்லா இடத்துக்கும் இதுதான் பேச்சு. அப்புறம் நான் யார்கிட்டயும் வாயே திறக்கமாட்டேன். சீரியஸ்லி."

மூன்று சனிக்கிழமைகள் பேசித்தான் கரைத்தேன். ஃபேரர் பார்க்கில் எனக்குத் தெரிந்த ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். ஆய்வை வெளியிடும் விழா முடிந்து வரும் செவ்வாய்க்கிழமை அவரிடம் என்னோடு வருவதாக ஒப்புக்கொண்டாள். எனக்கு அந்த ஆய்வே அந்த ஒரு செவ்வாய்க்கிழமைக்காகத்தான் நடந்தது போல இருந்தது.

விழா சமூக மன்றத்தில். பதாகையில் ஆய்வின் தலைப்பைவிடத் தலைவரின் முகம் பெரிது. சரி, தொலையட்டும் என்று உள்ளே போனால், முன்வரிசையில் மாடியறைக்கு வந்த என் பிள்ளைகள்! அத்தனை பேரும் பட்டும் ஜிப்பாவுமாக, இரண்டு பக்கமும் பெற்றோர். மேடையோரத்தில் தட்டு நிறையப் பொன்னாடை.

தலைவரை ஓரமாக இழுத்தேன். "யார் வந்தாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யாருக்கும் சொல்லலையே!"

"கல்லாவுல நான்தானே உக்காந்திருக்கேன்? மாடிக்கு யார் ஏறுறான்னு தெரியாதா? எல்லாம் நம்ம கஸ்டமர் பிள்ளைங்க. சங்கம் மரியாதை செய்யுது, வந்துடுங்கன்னு வீட்டுக்கெல்லாம் ஃபோன் போட்டேன்."

"எதுக்கு மரியாதைன்னு சொன்னீங்களா?"

"அதை மேடையில சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். சர்ப்ரைஸ்!" என் தோளைத் தட்டினார். "மனசுல இருக்கிற கஷ்டத்தைத் தைரியமா வந்து சொல்லியிருக்குதுங்க. பாராட்ட வேணாமா? நல்லதுதானே பண்றேன் லா."

அந்த மனிதருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டாவது போயிருப்பேன். நல்லெண்ணத்தை என்ன செய்வது? வேண்டாம், வேண்டாம் என்று நான் கெஞ்சக் கெஞ்ச, மாலையைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறிவிட்டார். "நம் ஆய்வில் மனம் திறந்து..." என்று தொடங்கினார். முன்வரிசையில் அந்தப் பெண் தன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் ஒலிவாங்கியைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றால் பிடுங்கினேன், நாசூக்கெல்லாம் இல்லை. "இவங்க எல்லாரும் இந்த ஆய்வுக்கு உதவி செஞ்ச தொண்டூழியர்கள். சனிக்கிழமைகள்ல வந்து, மத்த பிள்ளைங்ககிட்ட கேள்வி கேட்டு எனக்கு உதவினாங்க" என்றேன். பச்சைப் பொய். கூட்டம் கைதட்டியது. என்னத்துக்குக் கைதட்டுகிறோம் என்றுகூடத் தெரியாமல் தட்டுகிற கை. பிள்ளைகள் வரிசையாக ஏறி, குனிந்து, போர்த்திக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். அதில் யாரோ பூசியிருந்த சென்ட் வாடை அடித்தது.

விருந்தில் அந்தப் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் ஈரம்.

"அக்கா, இப்படி ஒரு சேவை செய்யுறான்னு இவ வீட்டுல மூச்சே விடல! ஒண்ணே ஒண்ணு, அந்த மாதிரி பிள்ளைங்களோட இவளை ரொம்பப் பழகவிடாதீங்க. இவளுக்கு இளகின மனசு."

மகள் பக்கத்தில்தான் நின்றாள். தட்டில் பிரியாணியைக் கரண்டியால் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தாள். அம்மா இருக்கும்போது வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "செவ்வாய்க்கிழமை வந்துடுவேல்ல?" என்றேன்.

நிமிர்ந்தாள். மாடியறையில் பார்த்த அதே சிரிப்பு.

"முடியாது ஆன்ட்டி, டியூஷன் இருக்கு. வேற வாலண்டியர் யாரையாவது கூட்டிட்டுப் போங்க."

சரி என்று தலையை ஆட்டினேன். அந்தப் பொய்யைக் கொடுத்தவளே நான்தானே, எந்த முகத்தோடு மறுப்பது?

"படிப்பும் முக்கியம்தானே அக்கா" என்று அம்மா சமாதானம் சொன்னார். பிறகு படம் எடுக்கக் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து, மகளை என் பக்கமாக நகர்த்தி நிறுத்திக்கொண்டே, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

"ஆனா ஒண்ணுக்கா, எனக்கு மனசே ஆறல. அந்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்க எல்லாம், பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்கமாட்டாங்களா?"