அம்மனுக்கு ஐம்பது குறைத்த ஏலம்

ஒரு மதகு கட்ட எவ்வளவு ஆகும் என்று மொட்டையாகக் கேட்கிறவனுக்கு நான் பதில் சொல்வதில்லை. எந்த ஊரில், எந்த மாதத்தில், எவன் கட்டுகிறான் என்று சொல்லாமல் விலை கேட்பவன் ஒன்றும் தெரியாதவன், இல்லாவிட்டால் ஏமாற்ற வந்தவன். இரண்டு வகையையும் எனக்குப் பிடிக்காது.

பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் பாகூர்ப் பக்கம் நானும் என் அக்கா புருஷனும் சேர்ந்து கட்டட வேலை செய்தோம். மாமா கொத்தனார் மேஸ்திரி. நான் செங்கல் சூளையையும் வண்டிகளையும் பார்த்துக்கொண்டேன். வேலை எங்களுடையது, பெயர் வேறு ஒருவருடையது. புதுச்சேரிப் பட்டணத்தில் ஒரு குத்தகைக்காரர் இருந்தார். சர்க்கார் வேலைகளை எல்லாம் அவர்தான் ஏலத்தில் எடுப்பார். எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டு, "இந்தா, இவ்ளோதான், முடிச்சிக் குடு" என்பார். சாந்து பூசும் கரணையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. நாங்கள் கட்டின பள்ளிக்கூடத்தின் திறப்பு விழாவில் மாலை அவர் கழுத்தில் விழுந்தது. நாங்கள் வெளியே வெயிலில் நின்றோம்.

ஒரு மழைக்காலத்தில் செலியமேட்டுக் கழனிகளுக்குத் தண்ணீர் விடும் வாய்க்கால் மதகு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. புதிதாகக் கட்ட ஏலம் விடப்போகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். இந்த முறை நாமே எடுப்போம் என்று நான் மாமாவிடம் சொன்னேன். அவருக்குப் பயம். ஏலத்தில் கேட்க ஜாமீன் காட்ட வேண்டும். எங்களைப் போன்றவர்கள் அந்தப் பக்கமே போகாமலிருந்ததற்கு முதல் காரணம் இந்த ஜாமீன்தான். எங்களிடம் இருந்தது அக்காவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த கழனி ஒன்றுதான். அக்கா பத்திரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏலத்துல தோத்துட்டு வந்தீங்கன்னா சோறு போடுவேன். ஏலத்த எடுத்துட்டு நஷ்டப்பட்டு என் கழனிய வுட்டீங்கன்னா, ரெண்டு பேரும் வூட்டுப் பக்கமே வராதீங்க."

நான் உட்கார்ந்து யோசித்தேன். பட்டணத்துக்காரருக்குச் செங்கல் வில்லியனூர்ப் பக்கச் சூளையிலிருந்து வர வேண்டும். அங்கிருந்து பாகூருக்கு வர நடுவில் இங்கிலீஷ்காரன் ஊர்களைத் தாண்ட வேண்டும். எங்கள் நாடு கிழிந்த துணி மாதிரி, அங்கே ஒரு துண்டு, இங்கே ஒரு துண்டு. ஒவ்வொரு எல்லையிலும் சுங்கச் சாவடி. ஒவ்வொரு சாவடியிலும் வண்டி நிற்க வேண்டும், எதையாவது கொடுக்க வேண்டும். என் சூளை பாகூர் ஏரிக்குப் பக்கத்திலேயே இருந்தது. என் செங்கல் எந்தச் சாவடியையும் பார்க்காது.

அடுத்தது மாதம். ஆலையில் கரும்பு ஆட ஆரம்பித்துவிட்டால் விறகு முழுவதும் வெல்லம் காய்ச்சப் போய்விடும். சூளைக்கு விறகு கேட்டால் இரண்டு பங்கு விலை சொல்வான். ஆளும் கிடைக்காது, மாடும் கிடைக்காது. அதற்கு முன்பே செங்கல்லைச் சுட்டு வைத்துக்கொண்டால் பிழைத்தோம். பிறகு சர்க்கார் பணம் தரும் லட்சணம். வேலையை அளந்து, ஒப்புக்கொண்டு, கையெழுத்தாகி வருவதற்குள் நம் தாடி நரைத்துவிடும். அதுவரை கூலி கொடுத்தாக வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குக் கீழே போனால் சும்மா கட்டிக் கொடுப்பதற்குச் சமம். மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"ஆயிரத்து இருநூறு. அதுக்குக் கீழ வாயத் தொறக்கக்கூடாது மாமா."

"நான் இன்னா கொழந்தையாடா?"

ஏலம் கொம்யூன் கச்சேரியில், அதாவது எங்கள் வட்டாரத்துச் சர்க்கார் ஆபீசில், நடந்தது. மெழுகுவத்தி ஏலம். சின்ன மெழுகுவத்தி ஒன்றைக் கொளுத்தி வைப்பார்கள். அது எரியும்போது யார் வேண்டுமானாலும் குறைத்துக் கேட்கலாம். கடைசியாக ஒருவன் கேட்ட பிறகு, இரண்டு வத்திகள் யாரும் பேசாமல் எரிந்து அணைந்தால் வேலை அவனுக்கு. நடுவில் எவனாவது குறைத்தால் மறுபடியும் புதிதாக இரண்டு வத்தி.

கேட்க வந்தவர்கள் நாங்களும் பட்டணத்துக்காரரும்தான். அவர் எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னா மேஸ்திரி, வேடிக்க பாக்க வந்தியா?" மாமா ஏலம் கேட்கத் தொடங்கினார். அவர் குறைக்க, இவர் குறைக்க, பட்டணத்துக்காரர் ஆயிரத்து இருநூற்று ஐம்பதுக்கு வந்தார். மாமா ஆயிரத்து இருநூறு என்றார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குக் கீழே போக எங்களுக்கு இடமில்லை.

முதல் வத்தி அணைந்தது. யாரும் பேசவில்லை. இரண்டாவது வத்தி தேய்ந்து திரி சாய்ந்துவிட்டது. அப்போது பட்டணத்துக்காரர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். கடைசி மினுக்கலில் கேட்பது அவருடைய பழக்கம் என்று எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மாமா கணீரென்று சொன்னார்:

"அம்மனுக்கு ஐம்பது."

அது கோயில் ஏலத்துப் பேச்சு. எங்கள் ஊரில் ஏரி மீன் ஏலம், தோப்பில் தேங்காய் ஏலம் எல்லாம் கோயிலைச் சேர்ந்தது. ஏலம் எடுத்தவன், முடிகிற நேரத்தில், தான் கேட்ட தொகைக்கு மேல் தானே கொஞ்சம் ஏற்றி, 'அம்மனுக்கு' என்று சொல்வான். அது மரியாதை. சொல்லாதவனை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். மாமா வாழ்நாள் முழுவதும் பார்த்த ஏலம் அதுதான். அங்கே ஏற்றுவார்கள், இங்கே இறக்குகிறார்கள் என்பதால், அம்மனுக்கும் இறக்கிவிட்டார்.

குமாஸ்தா பேனாவை வைத்துக்கொண்டு விழித்தார். "ஆயிரத்து நூத்தி ஐம்பதா? ஒங்க மேல நீங்களே கொறைக்கிறீங்களே."

"ஆமாங்க. அம்மனுக்கு," என்றார் மாமா, பணிவாக.

எழுதிக்கொண்டார்கள். புதிதாக வத்தி கொளுத்தினார்கள். நான் மாமாவின் காலை மிதித்தேன். அவர் என்னைப் பார்த்து, இன்னாடா, என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

பட்டணத்துக்காரர் தன் கணக்குப்பிள்ளையிடம் குனிந்தார். வில்லியனூர்ச் செங்கல், சாவடி என்று காதில் விழுந்தது. கணக்குப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினார். முதல் வத்தி போனது. இரண்டாவதும் போனது. பட்டணத்துக்காரர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து, "பைத்தியக்காரனோட போட்டி போட்டு ஏலம் கேக்க முடியாதுபா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை எங்களுடையதாகிவிட்டது, ஐம்பது ரூபாய் நஷ்டத்தில். வழி நெடுக நான் மாமாவைத் திட்டினேன். எழுத முடியாத வார்த்தைகள். "கவர்மெண்டு அம்மனாய்யா? கச்சேரியில இன்னா கூழா ஊத்தறாங்க?" அவர் பாட்டுக்குத் துண்டை உதறிக்கொண்டு வந்தார். கிராமத்து எல்லை வந்தபோது, "வாய் தானா வந்துடுச்சிடா," என்றார். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. கோபமும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததில் இருமல் வந்துவிட்டது.

அக்காவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. மாமாவையும் இழுத்துக்கொண்டு நேராகச் செலியமேட்டுக்குப் போனேன். களத்தில் கழனிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று கத்தினேன்.

"ஒங்க வாய்க்காலுக்கு மதகு கட்டப்போறோம். இந்த ஆளு ஒங்க அம்மனுக்குன்னு ஐம்பது ரூபா கொறைச்சிட்டாரு. ஆத்து மணல் அடிக்கிற வண்டிக் கூலி அதுல போச்சி. நீங்களே இன்னா சொல்றீங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார். "பிரெஞ்சுக்காரன் கிட்டயே அம்மனுக்குப் பங்கு வச்சியா மேஸ்திரி? ஒன்ன மாரி ஒரு ஆளு நம்ம ஜில்லாவுலயே இல்ல."

"தண்ணி இன்னா கவர்மெண்டு கழனிக்கா பாயுது?" என்றார் மாமா, ரோஷமாக. "அம்மன் தேரு சுத்தற கழனிக்குத்தான் பாயுது. நான் இன்னா தப்பு சொல்லிட்டேன்?"

சிரிப்பு நின்றது. அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக அவர்களுக்குப் பட்டது. எனக்குப் படவில்லை, ஆனால் நான் வாயை மூடிக்கொண்டேன். கரும்பு ஆடும்வரை மாடுகள் சும்மாதான் கட்டிக் கிடக்கின்றன, அம்மன் பேரில் குறைத்தவனிடம் வண்டிக் கூலி வாங்கினால் அசிங்கம் என்று பேசிக்கொண்டார்கள். மணலை அவர்களே அடிப்பதாக முடிவாயிற்று. நான் மூச்சு விடுவதற்குள் ஒருத்தர் எழுந்தார்.

"மதகு பக்கத்துல மாடு குளுப்பாட்ட நாலு படி கட்டிக் குடுத்துடுபா."

"படிக்கு எவன் பணம் குடுப்பான்?" என்றேன்.

"அம்மன்தான்," என்றார். மறுபடியும் களம் முழுக்கச் சிரிப்பு.

கட்டினோம். கரும்பு ஆடுவதற்கு முன்பே செங்கல்லைச் சுட்டுச் சூளையைப் பிரித்துவிட்டேன். மணல் வண்டிகள் வரிசையாக வந்தன. வண்டிக்காரர்கள் மாமாவைப் பார்க்கும்போதெல்லாம், "மேஸ்திரி, இன்னிக்கி இன்னா கொறைக்கிற?" என்று கேட்டார்கள். அவருக்கும் பழகிவிட்டது. பதிலுக்கு அவர்களுடைய மாட்டைக் கிண்டல் செய்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்துக்கொண்டு செய்த வேலை வேறில்லை. உடைந்த செங்கல்லில் படியும் கட்டினோம்.

வேலை முடிந்ததும் சர்க்காரின் பிரெஞ்சுத் துரை வந்து அளந்தார். குச்சியால் தட்டினார். படியைப் பார்த்து இது எஸ்டிமேட்டில் இல்லையே என்று கேட்டாராம். பக்கத்திலிருந்த குமாஸ்தா என்ன சொல்லி மொழிபெயர்த்தாரோ, துரை தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பணம் எப்போதும்போலத் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் கூலி கொடுத்து, விறகுக்காரனுக்குக் கொடுத்து, எங்களுக்கும் மீதி இருந்தது. பெரிய மீதி இல்லை. ஆனால் யாருக்கும் பங்கு கொடுக்காத மீதி.

பத்திரத்தைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பிறகு மாமாவிடம் சொன்னாள்:

"கெண்டை மீன் கொழம்பு வச்சிருக்கேன். கை கழுவிட்டு வா."