கடலுக்குப் போனவரின் மனைவி

என் மனைவி மகப்பேறு மருத்துவர். திருவொற்றியூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்திலேயே அவளுடைய நர்சிங் ஹோம். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் அங்கே முன்மேசையில் உட்காருகிறேன். 2021இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, நாளிதழில் அவள் முதலில் தேடுவது நீதிமன்றச் செய்திகளைத்தான்.

ஓர் ஐப்பசிக் காலையில் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஓர் இளம்பெண் மாமியாரோடு வந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு, தலை நிறையப் பூ. புரட்டாசியில் அவள் கணவர் போன படகு கவிழ்ந்திருந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவர் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். இது வேண்டாம் என்றாள். வந்துவிடுவார் என்று காத்திருந்ததில் இருபது வாரம் தாண்டி, இருபத்தொன்று நடந்துகொண்டிருந்தது.

இருபதுக்குள் என்றால் என் மனைவி ஒருத்தியே முடிவு செய்யலாம். அதன்பின் இருபத்துநான்கு வரை இரண்டு மருத்துவர்கள் ஒப்புதல் தர வேண்டும், அதுவும் விதி சொல்லும் சில நிலைகளில் மட்டும். கர்ப்பக் காலத்தில் விதவையாவது அவற்றில் ஒன்று. ஆனால் காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டத்துக்கு ஏழு ஆண்டுகள் வேண்டும். எங்களிடம் இருந்ததோ மூன்று வாரம்.

விதவை என்று எழுதலாமா என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள். மாமியார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஒடம்பு கரைக்கு வந்துச்சா டாக்டரம்மா? வரல இல்ல? அப்போ எம் புள்ளய நீ இன்னாத்துக்கு சாவடிக்கிற? கலைக்கறதுன்னா கலை. அந்த வார்த்தைய எய்துனா இவள கூட்டினு பூடுவேன்."

உடல் கரை ஒதுங்கும்வரை அந்த மீனவக் குப்பத்தில் தாலியைக் கழற்றுவதில்லை. தினமும் மருமகளுக்குப் பூ வைத்துவிடுவதும் இந்த மாமியார்தான்.

மாலையில் ராயபுரத்திலிருந்து இரண்டாவது மருத்துவர் வந்தார். மூத்தவர், சர்க்கரை நோயாளி. பெண்ணைப் பரிசோதித்தார், பொட்டையும் பூவையும் பார்த்தார், எங்கள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கணவன் விஷயத்தில் விதவை, விவாகரத்து, விதியில் அவ்வளவுதான் என்றார். 2022இல் உச்ச நீதிமன்றம் அதை அப்படிக் குறுக்கிப் படிக்கக் கூடாது என்றதை என் மனைவி நினைவூட்டினாள். கடலில் காணாமல் போனவனின் மனைவியைப் பற்றி அதில் சொல்லியிருக்கிறதா என்று கேட்டார்.

"கோர்ட் சொன்னத நம்ம ஸ்டேஷன்ல யாரும்மா படிச்சிருக்கான்? நான் உள்ள போனா இன்சுலின் யாரு கொண்டாருவா, உன் வீட்டுக்காரரா?"

கொண்டுவருகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நாம் திருப்பியனுப்பினால் அவள் நீதிமன்றத்துக்கா போவாள், திருட்டு மாத்திரை தேடித்தான் போவாள் என்றாள் என் மனைவி. அவர் எழுந்து வெளியே போய், கணவர் திரும்பி வந்தால் என்ன சொல்வாய் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார். அதுவரை தலைகுனிந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"அவரு வந்தா நான் சொல்லிக்கிறேன் சார். வர்ற வரிக்கும் ரெண்டு புள்ளைங்களுக்குத்தான் என்னால சோறு போட முடியும்."

படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில், கர்ப்பக் காலத்தில் கணவர் கடலில் காணாமல் போனார், உடல் கிடைக்கவில்லை என்று எழுதி மருத்துவர்கள் இருவரும் கையெழுத்திட்டார்கள். விதவை என்ற சொல் அதில் இல்லை. விதியில் இருப்பதோ அந்தச் சொல்தான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து அவர்கள் கிளம்பிய காலை, மாமியார் வாசலிலேயே மருமகளை நிறுத்தி, முழம் மல்லிகையைத் தலையில் வைத்து, ஆட்டோவில் ஏற்றினாள். என் மனைவி ஜன்னலருகே நின்றிருந்தாள்.

"நாளைக்கு யாராவது கேஸ் போட்டா, அந்தப் பூவத்தான் மொதல்ல காட்டுவாங்க" என்றாள். பிறகு அடுத்தவரை அனுப்பச் சொன்னாள்.