சோகைத் தேநீரும் சுரங்க வாசலும்

மருந்து காய்ச்சுவது பாதி வேலை. அதை நம்பவைப்பதுதான் மீதி. வைத்தியரிடம் கையாளாக இருந்து அவதிப்பட்ட அன்பர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நின்ற இடம்

எங்கள் வைத்தியர் சோகைக்கு ஒரு தேநீர் கூட்டினார். கரிசலாங்கண்ணியும் நெல்லி வற்றலும், இரும்புச் சட்டியில் காய்ச்சியது. யாராவது குடித்துத் தேறினால்தானே மருந்து? கெட்டிலோடு என்னைச் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்க வாசலுக்கு அனுப்பினார். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் வாயிலோ வயிற்றிலோ தங்கம் கொண்டுவருகிறார்களா என்று காவற்காரர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிற இடம். அங்கே போய் நின்றேன், நான் ஒரு புத்திசாலி.

ஷிப்டு முடிந்து வந்தவர்களில் முனுசாமி அண்ணன் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தார். சுரங்கத்திலிருந்து ஆளை மேலே ஏற்றிவரும் கேஜிலிருந்து இறங்கி வாசலுக்கு வருவதற்குள் மூன்று தடவை உட்காருவார். இனி உட்கார்ந்தால் பேரை வெட்டிவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். குவளையை நீட்டினேன். முகர்ந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, வவுத்துல இருக்கறத வெளிய எடுக்கவா?"

முதல் குவளை

மறுநாள் அவர் வீட்டுக்கே போய், அவர் கண் முன்னால் ஒரு குவளை குடித்துக் காட்டினேன். கசப்பு காதுவரை ஏறியது. "குடிச்சித்தான் பாரேன்யா" என்றார் அவர் மனைவி கன்னியம்மா அக்கா. அண்ணன் என்னையே பார்த்தார்.

"உனக்கு இன்னா, நீ கீழ எறங்கறவனா பயப்பட?"

கறுப்பு

அக்காவுக்காக மூன்று நாள் குடித்தார். நான்காம் நாள் காலையில் அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் முழுக்கக் கூட்டம். அண்ணனுக்கு வெளிக்குக் கறுப்பாகப் போகிறதாம். தங்கம் முழுங்கினவனுக்கு அடையாளம் வைக்கக் கம்பெனிக்காரன் மை கலந்திருக்கிறானாம். இரும்புச் சட்டி மருந்து அப்படித்தான் என்றேன். நான் இரைந்து பேசத் தெரியாதவன். யார் காதிலும் விழவில்லை. கடைசியில் மானத்தை விட்டு, எனக்கும் கறுப்பாகத்தான் போகிறது என்றேன். அது மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது.

"அப்போ நீயும் முழுங்கினியா?" என்றார் அண்ணன்.

இரண்டு குடம்

அவர் வேண்டாமென்ற தேநீரைக் கொட்ட மனமில்லாமல் அக்கா குடித்துவந்தார். அக்காவும் வெளுத்தவர்தான். மாதம் திரும்புவதற்குள் அவர் கீழிமையில் சிவப்பு தெரிந்தது. அண்ணனோ கூட்டாளிகள் தோளில் தொங்கித்தான் வாசலைத் தாண்டினார்.

ஒருநாள் அக்கா இரண்டு குடத்தோடு மூச்சு வாங்காமல் வருவதை அண்ணன் பார்த்தார். அக்காவின் தேநீர்க் குவளையைப் பிடுங்கி ஒரே மடக்காகக் குடித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நல்ல சரக்க அவளுக்குக் குடுத்துட்டு, எனக்கு மட்டும் மை ஊத்தினியா?"

மறுபடி வாசல்

அதற்கப்புறம் தினமும் அக்காவின் குவளையில்தான் குடித்தார். இரண்டு மாதத்தில், கேஜிலிருந்து வாசல்வரை உட்காராமல், யார் தோளும் பிடிக்காமல் நடந்துவந்தார். மேஸ்திரி பார்த்துவிட்டு வழிவிட்டார். காவற்காரர்தான் நிறுத்தினார். வாயை இரண்டு தடவை திறக்கச் சொன்னார், தலைமுடியைக் கலைத்துப் பார்த்தார்.

"இவ்ளோ தெம்பா வர்றியே, இன்னாடா முழுங்கின?"

சோகைக்கு மருந்து கிடைத்துவிட்டது என்கிறார் வைத்தியர். சந்தேகத்துக்கு எந்தச் சட்டியில் காய்ச்சுவது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.