பாசிக்கு மாப்பிள்ளை தேடியவர்

மூலையில் மஞ்சள் தடவிய ஜாதக உறை ஒன்றை அவர் என் மேசைமேல் வைத்தார். பிரித்தால் உள்ளே ஜாதகம் இல்லை. காய்ந்து சுருண்ட கொஞ்சம் பாசி. "உசிலம்பட்டிப் பக்கம். கிணத்துக்கு உள்பக்கம், மூணாவது கல்லு" என்று உறைமேல் எழுதியிருந்தார். அவர் எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் உதவியாளர். லீவு நாளெல்லாம் கல்யாணத் தரகர். நான் அப்போது பாசியை வைத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

செல்லூரில் தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில், ஒழுகும் தண்ணீர்த் தொட்டிச் சுவரில்தான் என் பாசி இருந்தது. வெயிலில் இலைகளை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண்ணெதிரே விரிந்து பச்சையாகிவிடும். மதுரை வெயிலுக்கென்றே பிறந்த உயிர். இது ஹையோஃபிலா என்ற பேரினம் என்று நான் சாதித்தேன். என் நெறியாளர் மேடம் ஒப்பவில்லை. இலையில் இதே சாயல் கொண்ட வேறு பாசிகளும் உண்டு. காம்பின் நுனியில் வரும் வித்துப்பையைப் பார்த்தால்தான் உறுதி. பல பாசிகளுக்கு அந்தப் பையின் வாயில் வரிசையாகப் பல் இருக்கும். ஹையோஃபிலாவுக்குப் பொக்கை வாய்.

"வருசக் கடைசிக்குள்ள வித்துப்பையக் காட்டு. இல்லேன்னா தலைப்பை மாத்திக்க" என்று சொல்லிவிட்டார். மூன்றாண்டு உழைப்பு. அன்று ஆய்வகத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

பை ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்தப் பாசியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. செல்லூர்ச் சுவரில் இருந்ததெல்லாம் பெண். ஆணின் உயிரணு ஈரத்தில் நீந்தித்தான் வர வேண்டும். ஒரு சாண்கூட அதற்கு அதிக தூரம். இதைப் புலம்பியபோது உதவியாளர் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"அம்புட்டுத்தானா? மாப்ள கெடைக்கலேன்னு சொல்லு தங்கச்சி. நான் எதுக்கு இருக்கேன்?"

அன்றிலிருந்து சம்பந்தம் பேசப் போகும் வீட்டிலெல்லாம், காப்பி வருவதற்குள் கொல்லைப்பக்கம் போய்ச் சுவரைச் சுரண்டினார். கப்பலூர்ப் பக்கம் ஒரு பெண்ணின் தகப்பனார் கடுப்பாகிவிட்டாராம். "என்ன தரகரே, சுவத்தச் சொரண்டிப் பாக்குறீக? வீடு பழசுன்னு மாப்ள வீட்டுல போய்ச் சொல்லவா?" அந்தச் சம்பந்தம் முறியாமல் தப்பியதே பெரிது. மனுஷன் அசரவில்லை. உறை உறையாகக் கொண்டுவந்தார். எல்லாம் பெண்ணாகவோ வேறு பாசியாகவோதான் இருந்தன.

உசிலம்பட்டி உறையில்தான் கிடைத்தது. நனைத்து நுண்ணோக்கியில் வைத்தேன். அதே இலை, நுனியில் ஆண் மொக்கு. சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். இரண்டையும் ஒரே கல்லில் நெருக்கி வைத்து, ஆண்மேல் விழும் துளி பெண்மேல் தெறிக்கும்படி தினமும் மழைநீரைச் சொட்டவிட்டோம். ஒரு மாதம் ஒன்றுமில்லை. இரண்டாம் மாதம் முடியும்போது, பெண் செடிகளுக்கு நடுவே முடி கனத்தில் ஒரு காம்பு நிமிர்ந்து நின்றது.

பை முற்றி அதன் மூடி கழன்ற நாளில் மேடம் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "ஒரு பல்லுகூட இல்லடி!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். இப்போது நானே நெறியாளர். எத்தனையோ பாசிகளுக்கு அடையாளம் சொல்லியாகிவிட்டது. அந்த நாளின் கெத்து மறுபடி வாய்க்கவில்லை.

கதவருகே நின்ற உதவியாளரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"எத்தனையோ கல்யாணம் முடிச்சு வச்சிருக்கேன். புள்ள பெறந்துருக்குன்னு கூப்புட்டுக் காட்டுனது நீ ஒருத்திதான் தங்கச்சி."