நான்கு விரல் தூரம்

எழுபதுகளில் தூத்துக்குடியில் மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். தோணியில் கொழும்புக்குப் போய்வரும் ஒருவர் எனக்குப் பழக்கம். அங்கிருந்து எலக்ட்ரிக் கிட்டாரும் அதன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். தன் மனைவிக்குப் பிடித்த மெட்டைப் பதிவுசெய்ய வேண்டுமென்று ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார். என்னிடம் ஒரே ஒரு டேப்தான் இருந்தது.

முதலில், டேப் ரெக்கார்டரோடு வந்த சின்ன மைக்கை நாலடி தள்ளி ஸ்டூலில் வைத்தேன். அவர் வாசிக்க வாசிக்கக் காக்கை கத்தியது. கடைசி அடியில் இருமினார். தரையில் கால் தட்டிக்கொண்டே இருந்தார். வாசித்து முடித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, காலத் தட்டப்படாது. இருமப்படாது."

"மூச்சும் விடப்படாதோ? அப்ப நான் போறேன், அண்ணாச்சி."

"போறேன்னு சொல்லாதீங்க. வாரேன்னு சொல்லுங்க."

அவர் சிரித்தார்; சொல்லவில்லை. பிறகுதான் ரெக்கார்டரை நிறுத்தினேன்.

அடுத்து, கூட்டங்களுக்குக் கொடுக்கும் பெரிய மைக்கை எடுத்தேன். ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஸ்பீக்கரின் நடுவுக்கு நேராகப் பிடித்தால் கீச்சென்றது. ஓரத்தில் பிடித்தால் மந்தமாக இருந்தது. இரண்டுக்கும் இடையில், முகப்புத் துணியிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்ததும் நாதம் தெளிந்தது. தரை அதிராமலிருக்கப் பெட்டிக்கு அடியில் உப்புச் சாக்கை மடித்துப் போட்டேன். தோணியில் சரக்கு ஏற்றும் நேரமாகிவிட்டதால், கடைசி அடியைத் திருப்பி வாசிக்காமல் முடித்துக்கொண்டார். பழைய பதிவின் மேலேயே இதைப் பதிந்தேன். கிட்டாரைத் தவிர வேறு சத்தமே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தத் தோணி திரும்பவில்லை.

சில மாதங்கள் கழித்து அவர் மனைவி வந்தாள். "அவுக குரல் இதுல இருக்குமா, அண்ணாச்சி?"

போட்டேன். கிட்டார் முடிந்ததும் நிறுத்தினேன். "வாசிப்பு மட்டுந்தான், தங்கச்சி."

அவள் போனபின் டேப்பை ஓடவிட்டேன். இரண்டாம் பதிவு நீளம் குறைவு. அது முடிந்த இடத்தில் முதல் பதிவின் வால் அழியாமல் இருந்தது. காக்கை, கால் தட்டல், இருமல், என் அதட்டல். பிறகு அவர்: "அப்ப நான் போறேன், அண்ணாச்சி."

இன்னும் தெருவைப் பார்த்திருப்பவளுக்கு இதை எப்படிக் கேட்கக் கொடுப்பது? அவள் வாரந்தோறும் வந்தாள். நானும் ஒவ்வொரு முறையும் கிட்டார் முடிந்த கணமே நிறுத்தினேன்.

ஒருநாள் அவளுக்காக டேப் ஓடிக்கொண்டிருக்கையில், வாசலில் ஒருவர் குழாய் ஸ்பீக்கர் கேட்டு வந்தார். அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் இருமல் கேட்டது. திரும்புவதற்குள் டேப்பில் அவள் கணவர் அதைச் சொல்லிவிட்டார். சிரிப்பும் கேட்டு முடிந்தது.

அவள் ரெக்கார்டரையே பார்த்திருந்தாள். "அன்னைக்குச் சண்டை. எங்கிட்டச் சொல்லிக்கிடாமலே போனாக" என்றாள். "உங்ககிட்டயாவது சொல்லியிருக்காகளே. இன்னொருக்க போடுங்க."

எவ்வளவு பின்னால் சுற்ற வேண்டுமென்று என் கைக்குத் தெரிந்திருந்தது. ஒரே சுற்றில் சரியாக அந்த இடத்தில் நிறுத்தினேன். அவள் என் கையையும், பிறகு என் முகத்தையும் பார்த்தாள்.